பின்கதவு சைக்கிள் ரேக்கை ஓட்டத்தில் ஆடாமல் நிறுத்தியது: டி5 கேம்பர் வேலைக் குறிப்பு

வண்டி ஃபோக்ஸ்வாகன் டி5 வேன், சின்ன வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்), பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ரகம். உள்ளே படுக்கையும் சமையல் பெட்டியும் போக சைக்கிளுக்கு இடம் கிடையாது. அதனால் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற அலுமினிய ரேக்கை வாங்கிப் பின்கதவில் மாட்டினேன். துளை எதுவும் போடாமல், கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கொக்கி போட்டு இறுக்கும் வகை அது. நிறுத்தி வைத்த வண்டியில் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினால் வண்டிதான் ஆடும், ரேக் அசையாது. ஆனால் ஹாம்பர்க்கில் கருங்கல் பாவிய தெரு ஒன்றில் மெதுவாக உருட்டிப் போனாலே நிலைமை மாறிவிடும். உள்கண்ணாடியில் பார்த்தால் கடைசிச் சைக்கிளின் ஹேண்டில்பார் மட்டும் தனியாகப் போய்ப் போய் வரும், கதவின் அடியிலிருந்து டக் டக்கென்று சத்தம் வேறு. ஆட்டோபான் என்னும் ஜெர்மன் விரைவுச்சாலையில் அந்த ஆட்டம் சிறுக்கும், ஆனால் நிற்காது. பின்னால் 120-ல் வரும் காரிலும் ஒரு குடும்பம் இருக்கும் என்று நினைத்தால் இதை அப்படியே விட முடியாது.

யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், இன்னும் கொஞ்சம் இறுக்கு. டோர்ட்மண்டில் கராஜ் வைத்திருக்கும் ஈழத்து அண்ணை ஒருவரிடம் போனில் கேட்டபோதுதான் வேறு பதில் கிடைத்தது. "தம்பி, நட்டு இறுகினது காணாது. எது எதுக்கு நடுவில ஆடுது எண்டு முதல்ல பாருங்கோ, பிறகு ஸ்பேனரை எடுங்கோ." அவர் சொன்ன வரிசையிலேயே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் எடை. ரேக்கில் ஒட்டியிருக்கும் தகட்டில் 60 கிலோ என்று போட்டிருக்கிறது. எங்கள் இரண்டு பெரிய சைக்கிளும் தலா 16 கிலோ, மகளுடையது 11 கிலோ, ஆக 43. ரேக்கின் சொந்த எடை 10 கிலோ அளவில் வரும். அனுமதிக்குள்தான் இருக்கிறது. ஆனால் இந்த 53 கிலோவும் பின் அச்சுக்குப் பின்னால் ஏறத்தாழ 1.35 மீட்டர் தள்ளித் தொங்குகிறது, வண்டியின் வீல்பேஸ் 3 மீட்டர். நெம்புகோல் கணக்குப் போட்டால் பின் அச்சில் கூடுவது 77 கிலோ, முன் அச்சில் குறைவது 24 கிலோ. பின்னால் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் ஏற்கெனவே இருக்கிற கேம்பரில் இது சின்ன எண் இல்லை. கதவுக்குள் ஒட்டியிருக்கும் டயர் அழுத்தப் பட்டியலில் முழுச் சுமைக்கு என்ன போட்டிருக்கிறதோ, பின் டயர்களுக்கு அந்த அளவு காற்று வைத்தேன். வண்டியின் வால் ஆட்டம் அதிலேயே ஒரு பங்கு அடங்கியது.

அடுத்தது, ரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது. சுமை கதவிலிருந்து வெளியே தள்ளி நிற்பதால் மேல் கொக்கிகள் வெளிப்பக்கமாக இழுபடும், கீழ்க் கொக்கிகள் கதவுக்குள் அழுந்தும். நின்ற நிலையில் மேலே வரும் இழுப்பு 20 கிலோவுக்குள்தான். சாலை மேட்டில் ஏறி இறங்கும்போது அது இரண்டு மூன்று மடங்காவது ஒரு கணம்தான். பிரேக் போட்டால் எல்லாம் தலைகீழ்: சைக்கிள்கள் முன்னால் தள்ள, மேல் கொக்கி ஒரு கணம் தளரும். இப்படி இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்போது பட்டையும் நட்டும் தளர்வதில் ஆச்சரியம் இல்லை. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் இதைத்தான் சோதித்துக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, இறுக்கிய இரண்டு பாகங்களும் குறுக்குவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போதுதான் நட்டு வேகமாகக் கழன்று வருகிறது. அவர் பெயரில் உள்ள அதிர்வுச் சோதனையில் நாம் எல்லோரும் நம்பிப் போடும் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தாங்கிப் பிடிப்பதில்லை. ஆக, பாகங்கள் வழுக்காதபடி பார்த்துக்கொண்டால் நட்டு தானாகவே இருந்த இடத்தில் இருக்கும். அண்ணை சொன்னதும் இதேதான்.

எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடிக்க செலவே இல்லாத ஒரு வழி: ஒவ்வொரு இணைப்பின் மேலும் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டி, நடுவில் பிளேடால் வெட்டிவிட்டு, வெட்டின் குறுக்கே பென்சிலால் ஒரு நேர்கோடு. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் எங்கே கோடு முறிந்திருக்கிறதோ அங்கே அசைவு. கூடவே பின்கண்ணாடிக்கு உள்ளே போனைப் பொருத்தி ஸ்லோ மோஷனில் படம் எடுத்தேன். அதில் தெரிந்தது என்னவென்றால், ரேக்கின் மேல்பகுதி உறுதியாகத்தான் நிற்கிறது. கீழ்க் கொக்கிகள் இரண்டும் கதவின் அடி விளிம்பில் பக்கவாட்டில் ஓரிரு மில்லிமீட்டர் நகர்கின்றன. அதைவிடப் பெரிய ஆட்டம் சைக்கிள்களில்தான், ஃப்ரேமைப் பிடிக்கும் கைகளைச் சுற்றி அவை ஊஞ்சல் மாதிரி ஆடுகின்றன, ஏனென்றால் சக்கரங்களை அடியில் உள்ள தடத்தோடு சேர்த்துப் பிடிக்க இருந்தவை பழைய ரப்பர் பட்டைகள், இழுத்தால் நீளும். டக் டக் சத்தம் ரேக்கில் இருந்தே வரவில்லை, கதவின் பூட்டில் இருந்து வந்தது.

ரேக்கை முழுதாகக் கழற்றினேன். கீழ்க் கொக்கியின் ரப்பர் உறைகள் காய்ந்து ஒரு மூலையில் கிழிந்திருந்தன, அடியில் மணலும் உப்பும் சேர்ந்து பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் ஆக்கியிருந்தது. இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள், ரேக்கைக் கழற்றாமல் விட்டால் அந்த உப்பு கொக்கிக்கு அடியில்தான் போய்த் தங்கும். விளிம்பை நன்றாகக் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தேய்ந்த இடத்துக்குத் தொடு பெயின்ட் வைத்து, அது காய்ந்த பிறகு கார் பெயின்டைப் பாதுகாக்கும் நிறமில்லாத பிளாஸ்டிக் படலத்தை ஒட்டினேன். கொக்கிகளுக்குப் புது ரப்பர் வாங்கினேன். உதிரியாகக் கிடைக்காவிட்டால் 3 மில்லிமீட்டர் கெட்டி ரப்பர் தாளை வெட்டிப் போடலாம். மெத்தென்ற ஃபோம் மட்டும் வேண்டாம். இறுக்கிய அன்று நன்றாக இருக்கும், கொஞ்ச நாளில் அமுங்கிப்போய் இறுக்கம் முழுக்கப் போய்விடும்.

போல்ட்டுகள் துருப் பிடித்திருந்ததால் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றினேன். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் நேராக ஒட்டி உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும், அதனால் நடுவில் நைலான் வாஷர் வைத்தேன். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போட்டு வேகமாக முடுக்கினால் மரை ஒன்றையொன்று கடித்துப் பாதியில் சிக்கிக்கொள்ளும், ஒரு துளி கிரீஸ் தடவிக் கையால் மெதுவாக ஏற்றினால் சிக்காது. நட்டுகள் நைலான் வளையம் உள்ளவை. ஒருமுறை கழற்றிய நைலான் நட்டைத் திரும்பப் போடவே கூடாது என்பது என் கட்சி, வளையத்தின் பிடி ஒவ்வொரு தடவையும் குறையும், புது நட்டின் விலை சில சென்ட்தான். நைலான் நட்டு போட இடமில்லாத, ரேக்கிலேயே மரை வெட்டிய இரண்டு இடங்களில் மரையில் தடவும் பசையான லாக்டைட் 243, நீல நிறம், நடுத்தரப் பிடி, கைக்கருவியால் பின்னாளில் கழற்ற முடியும். சிவப்பு வகையைத் தொட வேண்டாம், கழற்றச் சூடு வைக்க வேண்டிவரும், அது கதவுப் பெயின்டுக்குப் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை.

இறுக்குவதில் பொறுமை வேண்டும். பின்கதவு மெல்லிய தகடு, பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் விளிம்பு குழிந்து, அந்தக் குழிக்குள் கொக்கி தளரும். மேல் இரண்டையும் கையால் உட்காரவைத்து, கீழ் இரண்டையும் கையால் உட்காரவைத்து, ரேக் கதவின் நடுக்கோட்டில் இருக்கிறதா என்று டேப்பால் அளந்து, அப்புறம் நான்கையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), ரேக்கோடு வந்த தாளில் உள்ள அளவு வரை. அதோடு முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் அருகிலுள்ள தகடு வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். விமானம் பராமரிப்பவர்கள் காலம் காலமாகச் செய்கிற வேலை. பெட்ரோல் நிரப்பும் நேரத்தில் ஒரு பார்வை போதும், கோடு நேராக இருந்தால் நட்டு திரும்பவில்லை.

கதவின் பூட்டு சத்தத்துக்குக் காரணம், ரேக் எடையில் கதவு சற்றே கீழே இறங்கிப் பூட்டுக் கொக்கிக்கும் கதவுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. கதவின் இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் தாங்கிகளை அரைச் சுற்று, அரைச் சுற்றாக வெளியே திருப்பிப் பார்த்தேன். கதவு கொஞ்சம் அழுத்தினால்தான் மூடும் என்ற நிலைக்கு வந்ததும் சத்தம் போய்விட்டது. கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டுகளையும் பலமானதாக மாற்றினேன், ஏனென்றால் காலி ரேக்கின் எடையிலேயே கதவு தலைமேல் இறங்கி வந்தது. பலமான ஸ்ட்ரட் போட்டாலும் சைக்கிளோடு கதவைத் திறக்கக் கூடாது. கதவின் கீல்களுக்கு அது வேலையே இல்லை.

இனி எனக்கு மிக முக்கியமாகப் பட்ட பகுதி. ரேக் கதவை நான்கு இடத்தில் பிடித்திருக்கிறது, அதில் ஒன்று போனால் மற்ற மூன்றின் மேல் சுமை ஏறும், பிறகு மளமளவென்று எல்லாம் போகும். அதனால் ரேக்கின் கொக்கிகளைச் சாராத இரண்டாவது பிடி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தேன். கூரைக் கம்பியோடு கட்டினால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவிழ்க்க வேண்டும், நாலு நாளில் சலித்துப்போய்க் கட்டாமல் கிளம்பும் நாள் வரும். நான் செய்தது வேறு. 25 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பட்டையில் இரண்டு வளையம் தைத்து, வளையத்தின் ஒரு முனைக்குள் விரல் நீள அலுமினியக் குழாய்த் துண்டைக் கோத்தேன். கதவை மூடும்போது குழாய் உள்ளே, பட்டை கதவின் பக்க இடுக்கு வழியாக வெளியே. கதவு மூடியிருக்கும்வரை குழாய் வெளியே வர வழியில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டும் ரேக்கின் மேல் குறுக்குச் சட்டத்தில் ஒரு பக்கிளோடு சேர்கின்றன. இதை விறைப்பாக இழுத்துக் கட்டத் தேவையில்லை, தொய்வு இல்லாமல் இருந்தால் போதும், ஏனென்றால் இது எடையைத் தாங்குவதற்கு அல்ல, கொக்கி விட்டால் ரேக் சாலையில் விழாமல் பிடித்து வைப்பதற்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மழை. பட்டை திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும், படுக்கை விரிப்பின் மூலை நனைந்து கிடக்கும். கதவுக்குள் நுழையும் முன் பட்டையை வெளியே கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேறச் செய்தால் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். பட்டையில் அந்த இடத்தில் மெழுகு தேய்த்ததும் உதவியது. கதவின் சுற்று ரப்பரில் குழாய் படாமல், அதற்கு உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்களை ஏற்றும் வரிசை: கனமானது கதவை ஒட்டி, அடுத்தது எதிர்த்திசை பார்த்து, மகளின் சைக்கிள் கடைசி. ஹேண்டில்பாரும் பெடலும் ஒன்றோடொன்று மோதும் இடங்களைப் பார்த்து சீட்டை இறக்கி, தேவையானால் பெடலைக் கழற்றிவிடுவேன், ஒரு பெடல் பக்கத்துச் சைக்கிளின் ஆரக்கம்பிக்குள் நுழைந்து கிடந்தால் ஒரு பயணத்தில் ஒரு சக்கரம் வீண். காற்றடிக்கும் பம்ப், தண்ணீர் பாட்டில், கூடை, விளக்கு எல்லாம் உள்ளே. மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை குறையும்.

ரப்பர் பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பல் பதித்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றும், அதற்கு மேல் துணிப் பட்டை ஒன்றும் போட்டேன். சக்கரம் தடத்தோடு அசையாமல் இருந்தால் ஃப்ரேமைப் பிடிக்கும் கைக்கு வேலை பாதி குறைகிறது, அந்த ஊஞ்சலாட்டம் நின்றது இதனால்தான், ரேக்கை இறுக்கியதால் அல்ல. முன்சக்கரம் திரும்பாமல் இருக்க ஃப்ரேமின் கீழ்க் குழாயோடு ஒரு சின்னக் கட்டு. கை பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினேன், பெயின்டும் பிழைக்கும், வழுக்கவும் வழுக்காது. கார்பன் ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் இந்த வகைக் கையால் குழாயை நசுக்கிப் பிடிக்கவே வேண்டாம். சக்கரத்தை மட்டும் பிடிக்கும் ரேக்தான் அவர்களுக்குச் சரி.

கடைசியாக மூன்று சைக்கிளையும் ரேக்கின் செங்குத்துச் சட்டத்தையும் சேர்த்துச் சுற்றி ஒரே நீளப் பட்டை. இங்கே ராட்செட், அதாவது நெம்பி நெம்பி இறுக்கும் பல்சக்கரப் பூட்டு, வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ராட்செட்டில் பலம் தெரியாமல் இழுத்துவிடுவோம், மெல்லிய அலுமினியக் குழாய் அமுங்கும். கையால் இழுத்துப் பூட்டும் பக்கிள் உள்ள பட்டை போதும். வாங்கும்போது ஈ.என். 12195-2 என்ற ஐரோப்பியத் தர எண்ணை அச்சிட்ட நீல லேபிள் இருக்கிறதா, எத்தனை டெக்காநியூட்டன் (ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையின் இழுப்பு) தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாலியெஸ்டராக இருக்கட்டும், நைலான் நனைந்தால் நீளும், மழையில் கட்டு தளர்வதற்குப் பாதி காரணம் அதுதான். பட்டையை ஒருமுறை முறுக்கிவிட்டுக் கட்டினால் காற்றில் விர்ரென்று அடிக்காது, மீந்த நுனியை முடிச்சுப் போட்டு உள்ளே செருக வேண்டும். சைக்கிளுக்கு மேல் போடும் உறையை ஓட்டும்போது போடவே கூடாது, அது கப்பல் பாய் மாதிரி ஆகிவிடும். பல ரேக் தயாரிப்பாளர்களும் கையேட்டிலேயே தடுக்கிறார்கள்.

விளக்கும் நம்பர் பிளேட்டும் தனித் தலைவலி. டி5-ன் அகலம் 1.90 மீட்டர், பெரியவர்கள் சைக்கிளின் நீளம் 1.80 மீட்டருக்கு மேல் போகும், ஆக இரண்டு சக்கரமும் சரியாகப் பின் விளக்குகளுக்கு முன்னால் வந்து நிற்கும். இருட்டிய பிறகு யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு 20 அடி பின்னால் போய் நின்று பாருங்கள். எங்களுக்கு விளக்குப் பலகை தேவைப்பட்டது. ஜெர்மனியில் நம்பர் மறைந்தால் அதே எண்ணுள்ள இன்னொரு பிளேட், விளக்கோடு, பின்னால் இருக்க வேண்டும். அதற்கு அலுவலக முத்திரை வேண்டியதில்லை. விளக்கின் வெளி விளிம்பைத் தாண்டி 40 சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நீட்டினால் இருட்டிலும் பார்வை மங்கும் நேரத்திலும் தனி அடையாளம் வைக்க வேண்டும். இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போகிறவர்கள் 50-க்கு 50 சென்டிமீட்டர் சிவப்பு வெள்ளைப் பலகையை வாங்கிக்கொள்ளுங்கள், அதைச் சரியாகக் கட்டாவிட்டால் அதுவே காற்றில் பிய்த்துக்கொண்டு போகும் முதல் பொருள். பின் வைப்பரின் ஃபியூஸைக் கழற்றிவிட்டேன், பழக்கத்தில் கை பட்டால் வைப்பர் ரேக்கில் இடித்து மோட்டார் போய்விடும்.

சோதனை ஓட்டத்துக்கு டென்மார்க் வழி நல்ல வழி. ஹாம்பர்க்கிலிருந்து வடக்கே ஆட்டோபான், பிறகு ஃபெமார்ன்சுண்ட் பாலம், 963 மீட்டர், கடல் காற்று பக்கவாட்டில் அப்படியே அறையும். காற்று பலமாக இருந்தால் கேரவன் இழுப்பவர்களுக்கும் காலி லாரிகளுக்கும் அந்தப் பாலத்தைத் தடுத்துவிடுவார்கள். பிறகு புட்கார்டனிலிருந்து ரோட்பிக்கு முக்கால் மணி நேரப் படகு, டிக்கெட் எடுக்கும்போது ரேக்கும் சேர்த்துத்தான் நீளம், எங்களுக்கு 4.89 மீட்டர் வண்டி ஐந்தரை மீட்டர் ஆனது. அக்கரையில் டேனிஷ் ஊர்களுக்குள் சாலை மேடுகள், கொஞ்சம் வேகமாக ஏறினாலும் ரேக்குக்கு நேர் அடி. ஆட்டோபானில் 100-ஐத் தாண்டவில்லை, அது என் வரம்பு.

கிளம்பி 20, 30 கிலோமீட்டருக்குள் முதல் நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தபோது நீளப் பட்டை ஒரு விரல் அளவு தளர்ந்திருந்தது, சைக்கிள்கள் ஒன்றோடொன்று அமர்ந்து இடம் பிடித்துக்கொண்டதால். இழுத்துக் கட்டிய பிறகு ரோட்பி வரை அப்படியே நின்றது. மஞ்சள் கோடுகள் ஒன்றும் முறியவில்லை. காகித டேப் கோட்டில் இடது கீழ்க் கொக்கியில் மட்டும் மயிரிழை நகர்வு, வலதில் அதுவும் இல்லை. இடது விளிம்பில் கதவுத் தகட்டின் மடிப்பு சற்றே மெலிந்திருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அங்கே ரப்பருக்கு அடியில் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்று வளைத்து வைத்ததும் அதுவும் நின்றது.

மனைவிக்கு மின்சார சைக்கிள் வாங்கும் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் ஒன்று எடுத்தால் இரண்டு மின்சார சைக்கிள், தலா 25 கிலோ, அதோடு மகளுடையது என்றால் ரேக்கின் 60 கிலோவைத் தாண்டிவிடும், பேட்டரியைக் கழற்றினாலும் எல்லையில்தான் நிற்கும், அந்த எடையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைப்பதும் நடக்காது. அப்போது பின்கதவை விட்டுவிட்டு டோபாரில் (வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி) மாட்டும் ரேக்குக்குத்தான் போக வேண்டும். டி5-ன் டோபார் செங்குத்தாக 100 கிலோ தாங்கும், ரேக்குக்கு 20 போனாலும் சைக்கிளுக்கு 80 மிஞ்சும், சாய்த்துவிட்டால் கதவும் திறக்கும். அச்சுக் கணக்கை மட்டும் அதற்கு முன் புதிதாகப் போட்டு, தண்ணீர்த் தொட்டி நிறைந்த நிலையில் வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.